ஞாயிறு வானொலியும் நம் பிரசங்கபீடமும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை என நீளும் கரிசல் நிலத்தில் ஞாயிற்றுக்கிழமையன்று மனிதக் குரல் இரு கருவிகளின் வழியே செவிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்று ஒலிபெருக்கி, மற்றொன்று வானொலி. ஆலயக் கோபுரத்திலோ கோயில் வாசலிலோ கட்டப்பட்ட ஒலிபெருக்கி, கேட்க விரும்புவோரையும் விரும்பாதோரையும் ஒன்றாகவே நடத்துகிறது. வானொலியோ வீட்டிலுள்ளவர் விசையைத் திருப்பினால்தான் பேசும். அவர் மறுபடியும் திருப்பினால் வாய் மூடும். இவ்விரண்டில் முன்னதை நம் திருச்சபைகள் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டன. பின்னதிடமிருந்து கற்கவேண்டியவற்றைக் கற்றோமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் வினா.

இங்கே வானொலி என்னும்போது உரை நிகழ்ச்சிகளையே சிறப்பாக மனத்திற்கொள்கிறோம். காலையில் ஒரு சமயச் சிந்தனை, முற்பகலில் வரலாற்றுப் பேச்சு, பிற்பகலில் நாடகம், மாலையில் செய்தி அறிக்கை என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விசுவாசமும் வரலாறும் கலையும் அடுத்தடுத்து வந்து நிற்கும் அமைப்பை ஒலிபரப்பு நிலையங்கள் ஒரு நூற்றாண்டாக வளர்த்துள்ளன. அந்த அமைப்பு எவ்வாறு தோன்றியது, அதில் திருச்சபையின் பங்கு யாது, பட்டாசுத் தொழில் நடைபெறும் இவ்வட்டாரத்தில் அருளுரை ஆற்றுவோருக்கு அது கற்பிப்பது என்ன என்பவற்றை வரிசையாக நோக்குவோம்.

1. ஞாயிறு யாருடைய நாள்?

கி.பி. 321 மார்ச் 7 அன்று பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வுநாளாக அறிவித்தார். நீதிமன்றங்களும் நகரத்தாரும் கைத்தொழிலாளரும் அதற்குட்பட்டனர். உழவர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முந்திய தலைமுறைகளில் விசுவாசிகள் விடியுமுன்போ வேலை முடிந்த பின்போதான் கூடிவந்தனர். ஆகவே ஓய்வோடு கூடிய ஞாயிறு திருச்சபை தன் பிறப்பிலேயே பெற்றிருந்த உரிமையன்று.

இந்தியத் தொழிலாளர்க்கு ஞாயிறு விடுமுறை கிடைத்த வரலாறும் நாம் அறியத்தக்கது. 1884 இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்த நாராயண் மேகாஜி லோகண்டே, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமெனப் போராடினார். ஞாயிறு கண்டோபா தெய்வத்திற்குரிய நாள் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய காரணங்களுள் ஒன்று. 1890 ஜூன் மாதத்தில் ஆலை முதலாளிகள் அக்கோரிக்கைக்கு இசைந்தனர். பின்னர் 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 52 ஆம் பிரிவில் வார விடுமுறையைச் சட்ட உரிமையாக்கியது. நம் சபையார் ஆலயத்திற்கு வரும் அந்த நாள், வேறு சமயத்தைச் சார்ந்த உழைப்பாளர் போராடிப் பெற்றுத் தந்த நாளுமாகும்.

சிவகாசி வட்டாரத்தில் இந்த நாளுக்கு மேலும் ஒரு பொருள் உண்டு. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் ஒரு பொறியும் எழலாகாது. மின்கருவிகளுக்கு அங்கே இடமில்லை. பகல் வெளிச்சத்திலேயே வேலை நடைபெற வேண்டும். எனவே வயலுக்கும் தறிக்கூடத்திற்கும் துணையாகச் சென்ற வானொலி, பட்டாசு ஆலையின் வாசலோடு நின்றுவிட்டது. வீடுகளில் நிலைமை வேறு. இயந்திரங்கள் பெருகுவதற்கு முன் வீடுதோறும் பெண்களும் பிள்ளைகளும் தீப்பெட்டி ஒட்டினர்; பட்டாசுக்கான காகிதக் குழாய்கள் உருட்டினர். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை ஓய இயலாது. செவி மட்டும் ஓய்வாக இருந்தது. வார விடுமுறை பற்றிய சட்டம் வீட்டுத் திண்ணைக்கு எட்டவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறே செவி திறக்கும் நாள். வீட்டுத் தொழிலாளிக்கோ செவி மட்டுமே ஞாயிறு காணும் உறுப்பு. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் அந்த ஒரு நாளும் சிலருக்கு வேலைநாளாகிவிடுவதுண்டு.

2. கட்டாயப்படுத்தப்பட்ட ஞாயிறு

ஞாயிறு ஒலிபரப்பின் அமைப்பை முதன்முதல் வகுத்தவருள் முதன்மையானவர் ஜான் ரீத். ஸ்காட்லாந்து நாட்டுப் போதகர் ஒருவரின் மகனான இவர், 1922 இன் இறுதியில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கம்பெனியின் பொறுப்பை ஏற்றார். திருச்சபையினர் அக்காலத்தில் இப்புதிய கருவியை ஐயத்தோடு நோக்கினர். 1923 இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நடைபெற்ற அரசகுடும்பத் திருமணத்தை ஒலிபரப்ப ஆலயக் குருக்கள் இசையவில்லை. மதுக்கடையில் இருப்போர் தொப்பியைக் கழற்றாமலே திருமண வழிபாட்டைக் கேட்பர் என்பது அவர்களுடைய அச்சம். ஆயினும் 1924 ஜனவரி 6 அன்று இலண்டனிலுள்ள புனித மார்ட்டின் ஆலயத்திலிருந்து டிக் ஷெப்பர்டு நடத்திய வழிபாடு ஒலிபரப்பாயிற்று. 1928 ஜனவரி முதல் நாள்தோறும் ஒரு சிறு வழிபாடு இடம்பெற்றது.

தொப்பி பற்றிய அந்த அச்சத்தை நாம் நகைத்து ஒதுக்கிவிடலாகாது. கேட்போர் எந்நிலையில் கேட்கிறார் என்பது பேசுபவரின் ஆட்சிக்கு அப்பாற்பட்டது என்னும் உண்மையைத் திருச்சபை அன்றுதான் முதன்முறையாக எதிர்கொண்டது. பசைக் கிண்ணத்தின் முன் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டும் பெண் தலையில் முக்காடிடாமலும் கையை ஓய்க்காமலும் அருளுரையைக் கேட்கிறார். அவர் கேட்பது குறைவான கேள்வியா? மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் படகிலிருந்து பேசியபோது கரையில் நின்றவர்கள் எந்தக் கோலத்தில் நின்றார்கள் என்று வினவியதாக நாம் காணவில்லை. செவியுள்ளவர் கேட்கட்டும் என்பதே அவருடைய அழைப்பு.

ரீத்தின் ஞாயிறு கண்டிப்பானது. ஆலய வேளையில் வேறு நிகழ்ச்சிகள் ஒலிக்கலாகாது. எஞ்சிய நேரத்திலும் கனமான இசையும் உரையுமே இடம்பெற வேண்டும் என்று அவர் விதித்தார். விளைவு வேறாயிற்று. 1930களில் நார்மண்டி நிலையமும் இலக்சம்பர்க் நிலையமும் கடல் கடந்து மெல்லிசையை அனுப்பின. பிரிட்டிஷ் மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் திரளாக அவற்றின்பால் திரும்பினர்.

இதே வரலாறு நம் நாட்டிலும் நிகழ்ந்தது. 1952 இல் தகவல் ஒலிபரப்புத்துறை அமைச்சரான பா. வி. கேஸ்கர், செவ்விசை வளரவேண்டும் என்ற நோக்கத்தோடு திரைப்படப் பாடல்களை அனைத்திந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கிவைத்தார். மக்கள் இலங்கை வானொலியைத் திருப்பிக் கேட்டனர். 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம். நல்லது எனப் பேசுவோர் கருதுவதைக் கேட்போரின்மேல் சுமத்த முற்பட்ட இரு முயற்சிகளும் ஒரே முடிவை அடைந்தன. விசை கேட்பவரின் கையில் இருந்தது.

3. தமிழ் வானொலியின் ஞாயிறு

தமிழகத்தில் ஒலிபரப்பு, 1924 இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகத்தோடு தொடங்கியது. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 இலும் தோன்றின. தென்மாவட்டங்களுக்கு உரிய திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பர் முதல் நாளன்று பணி தொடங்கியது. மதுரை நிலையம் 1987 இல் வந்தது. விருதுநகர் மாவட்டம் இவ்விரு நிலையங்களுக்கும் இடையில் அமைந்திருப்பதால் இரு குரல்களையும் கேட்டது.

இந்நிலையங்கள் அமைத்த ஞாயிறு பிரிட்டனில் காணப்பட்டதைவிட விரிவானது. காலைப் பக்திப் பாடல்களில் இந்து, இசுலாமிய, கிறிஸ்தவப் பாடல்கள் அடுத்தடுத்து ஒலித்தன. ஒரே வீட்டில், ஒரே பெட்டியில், அரைமணி நேரத்திற்குள் மூன்று சமயங்களின் குரலையும் கேட்டு வளர்ந்த தலைமுறை நம் மாவட்டங்களில் உண்டு. சிறுவர் நிகழ்ச்சி, நாடகம், இலக்கியப் பேச்சு, திரைப்பட ஒலிச்சித்திரம், மாநிலச் செய்திகள் ஆகியவை பொழுதை நிரப்பின. எச்சமயத்தையும் எச்சமூகத்தையும் தாக்கிப் பேசலாகாது என்பது அனைத்திந்திய வானொலியின் ஒழுக்க விதிகளுள் ஒன்று. 2014 அக்டோபர் முதல் மாதத்தின் கடைசி ஞாயிறு முற்பகல் 11 மணிக்குப் பிரதமரின் ‘மனதின் குரல்’ ஒலிபரப்பாகி வந்திருப்பதும் கருதத்தக்கது. பல ஆலயங்களில் வழிபாடு நிறைவுறும் வேளை அது. அரசும் ஞாயிறு முற்பகலே மக்கள் செவி திறந்திருக்கும் நேரம் என்று அறிந்துள்ளது.

கிறிஸ்தவ அமைப்புகள் நடத்திய ஒலிபரப்பு வேறொரு வழியில் வளர்ந்தது. இந்தியாவில் சமய அமைப்புகளுக்குத் தனி நிலையம் இல்லை. 2005 இல் அறிவிக்கப்பட்ட தனியார் பண்பலைக் கொள்கையிலும் சமய அமைப்புகளைச் சார்ந்த நிறுவனங்கள் உரிமம் பெறத் தகுதியற்றவை எனக் கூறப்பட்டது. ஆகவே நற்செய்தி ஒலிபரப்பு கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. இலங்கை வானொலியில் நேரம் விலைக்குப் பெறப்பட்டது. 1970 இல் தொடங்கிய ஃபீபா நிலையம், சீசெல்சு தீவின் பவளப் பாறைத் திட்டில் நாட்டிய கம்பங்களிலிருந்து சிற்றலையில் தமிழையும் அனுப்பியது. 2003 இல் அச்சிற்றலைப் பணி முடிவுற்றது. சமயம் சாராத பிபிசியின் தமிழோசையும் 2017 ஏப்ரல் இறுதியில் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. இன்று இக்குரல்களின் இடத்தைக் கைப்பேசி பெரும்பாலும் நிரப்புகிறது.

கடல் கடந்து வந்த கிறிஸ்தவ ஒலிபரப்பிற்காக நாம் நன்றி கூறுகிறோம். ஆலயம் இல்லாத ஊர்களிலும் அது திருமறையைக் கேட்கச் செய்தது. ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. அங்கே நற்செய்திக்கு அண்டைவீட்டார் இல்லை. அருளுரைக்குப் பின் அருளுரையும், பாடலுக்குப் பின் பாடலுமே வந்தன. உள்நாட்டு வானொலியிலோ ஐந்து நிமிடக் கிறிஸ்தவச் சிந்தனைக்கு முன் உழவர்க்கான அறிவிப்பும், பின் நாட்டுப்புறப் பாடலும் வரும். கடையிலும் வயலிலும் நற்செய்தி வாழும் நிலை அதுவே.

கேட்போர் ஏற்றுக்கொண்ட பேச்சு எத்தகையது என்பதற்குத் தமிழ் வானொலியிலேயே இரு சான்றுகள் உள்ளன. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லினத்தை வானொலிப் பண்ணை ஒலிபரப்பு வழியாக அறிந்து பயிரிட்ட தஞ்சை உழவர், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். விதைப்பவர் உவமையைப் பிரசங்கிக்கும் நாம், கேட்ட சொல் விதையாகவே மண்ணில் விழுந்த இந்நிகழ்ச்சியை நினைவிற்கொள்வது நன்று. இரண்டாவது சான்று தென்கச்சி கோ. சுவாமிநாதன். திருநெல்வேலி நிலையத்தில் பண்ணை நிகழ்ச்சிகளில் பணியாற்றிய இவர், பின்னர் சென்னையிலிருந்து வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’ மூலம் தமிழகமெங்கும் அறியப்பட்டார். ஒரு செய்தி, ஒரு கதை, இறுதியில் ஒரு நகைச்சுவை. சில நிமிடங்களில் பேச்சு முடிந்துவிடும். உயர்ந்த இடத்திலிருந்து அறிவுரை கூறும் தொனி அதில் இராது. 2009 இல் அவர் மறைந்தபோது தம் வீட்டாரை இழந்தவர்போல் மக்கள் வருந்தியதற்குக் காரணம் அதுவே.

4. விசுவாசம், வரலாறு, கலை

ஞாயிறு வானொலியின் மூன்று பகுதிகளும் தனித்தனியே நிற்கவேண்டியவையா? ஒலிபரப்பு வரலாற்றில் அவை ஒன்றிணைந்த இரு நிகழ்ச்சிகளைக் காணலாம். 1941 முதல் 1944 வரை, போர்க்காலத்தில், இலக்கிய ஆசிரியரான சி. எஸ். லூயிஸ் பிபிசியில் விசுவாசம் பற்றிப் பேசினார். ஒவ்வொரு பேச்சும் கால்மணி நேரத்திற்கு மேற்படாதது. இறையியல் சொற்களைத் தெருவில் வழங்கும் மொழிக்கு மாற்றத் தெரியாதவர் அவற்றைத் தாமே விளங்கிக்கொள்ளவில்லை என்பது அவர் வற்புறுத்திய கருத்து. அதே 1941 டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், டாரதி சேயர்ஸ் எழுதிய ‘அரசராகப் பிறந்தவர்’ என்னும் பன்னிரு நாடகங்களின் வரிசை தொடங்கியது. ஆண்டவரை ஒரு நடிகர் குரலில் கேட்பதும், அப்போஸ்தலர் சாதாரண மக்களின் பேச்சுமொழியில் பேசுவதும் தெய்வ நிந்தனை என்று ஓய்வுநாள் ஆசரிப்புச் சங்கத்தார் எதிர்த்தனர். ஒலிபரப்பு நடைபெற்றது. உண்மையான ஊரில், உண்மையான ஆட்சியின்கீழ் நிகழ்ந்த வரலாறாக நற்செய்தியைப் பலர் அப்போதுதான் கேட்டனர்.

இவ்வகையில் நம் வட்டாரம் வறுமைப்பட்டதன்று. வரலாற்றை எடுத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் உறுப்பினராயிருந்த தாமஸ் கஜேத்தன் ராக்லண்டு, 1854 முதல் வட திருநெல்வேலிப் பகுதியில் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சென்று பேசினார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் மரித்தார். கேட்போரைத் தம்மிடம் அழையாமல், பேசுபவரே கேட்போரிடம் சென்ற பணி அது. 1899 ஜூன் மாதத்தில், கோயில் நுழைவு பற்றிய பூசலின் விளைவாகச் சிவகாசி தாக்கப்பட்டது. 1923 இல் ப. அய்ய நாடாரும் ஆ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, மழை குறைந்த இம்மண்ணில் புதிய பிழைப்பிற்கு வழி வகுத்தனர். 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார், மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடல் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். இவற்றையெல்லாம் நம் சபையார் வானொலியிலோ பள்ளிப் புத்தகத்திலோ கேட்டிருக்கலாம். ஆலயத்தில் கேட்டிருக்கிறார்களா?

கலையிலும் இதே நிலை. தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டைச் சுப்பு ஆறுமுகம் போன்றோர் வானொலி வழியே எங்கும் கொண்டுசென்றனர். கரிசல் மக்களின் பேச்சை இலக்கியமாக்கினார் கி. ராஜநாராயணன். 1899 கலவரத்தையும் அதற்கு முந்திய கழுகுமலைப் பூசலையும் தம் ‘அஞ்ஞாடி’ நாவலில் எழுதி 2014 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பூமணியே, தீப்பெட்டித் தொழிலில் வாடிய பிள்ளைகளைப் பற்றிக் ‘கருவேலம்பூக்கள்’ என்னும் திரைப்படத்தை 1990களில் இயக்கினார். அப்படம் எடுக்கப்பட்ட காலத்தை ஒட்டி, 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், சிவகாசிச் சிறார் தொழிலாளர் பற்றிய வழக்கில் பிள்ளைகளை அபாயகரமான தொழில்களிலிருந்து விடுவித்துக் கல்வி அளிக்க ஆணையிட்டது. கலைஞரும் நீதிபதிகளும் இப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிய ஞாயிறுகளில், இதே வட்டாரத்துப் பிரசங்கபீடங்கள் எதைப் பற்றிப் பேசின என்று வினவுவது இறையியல் மாணவர்க்குத் தக்க ஆய்வுப்பொருளாகும்.

நெகேமியா நூலின் 8, 9 ஆம் அதிகாரங்களை இந்நோக்கில் மறுபடி வாசிக்கலாம். எஸ்றா காலை முதல் நண்பகல் வரை திருச்சட்டத்தை வாசிக்கிறார், லேவியர் அதற்குப் பொருள் விளங்க உரை கூறுகின்றனர், மக்கள் அழுகின்றனர். பின்னர் உணவு பகிரப்படுகிறது. கூடாரங்கள் கட்டப்பட்டு விழா நடைபெறுகிறது. அடுத்த அதிகாரத்தின் மன்றாட்டு, முற்பிதாக்கள் முதல் அன்றைய அடிமை நிலை வரை, வரி செலுத்தும் சுமை உட்பட, தம் வரலாறு முழுவதையும் எடுத்துரைக்கிறது. வாசிப்பு, விளக்கம், விழா, வரலாறு ஆகிய நான்கும் அங்கே ஒரே வழிபாட்டின் பகுதிகள். நாம் முதலிரண்டை ஆலயத்தில் வைத்துக்கொண்டு, பின்னிரண்டை வானொலிக்கு விட்டுவிட்டோம்.

5. செவிக்கு வரும் ஆபத்து

வானொலியைப் புகழ்வதோடு நாம் நின்றுவிட இயலாது. 1933 பிப்ரவரி முதல் நாள், இட்லர் பதவியேற்ற இரண்டு நாட்களுக்குப் பின், இளம் இறையியலாளரான டீட்ரிக் போன்ஹோபர் தலைமை பற்றிப் பெர்லின் வானொலியில் பேசினார். தன்னையே வழிபடச் செய்யும் தலைவர் மக்களை வழிதவறச் செய்பவராவார் என்னும் எச்சரிக்கையை அவர் அடையுமுன் ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது. அதன்பின் அந்நாட்டு வானொலி ஒரே குரலின் கருவியாயிற்று. வீட்டுப் பெட்டியே தெரு ஒலிபெருக்கியானது. 1994 இல் ருவாண்டா நாட்டில் ஓர் இனத்தாரைக் கொல்லத் தூண்டிய வானொலி நிலையத்தை நிறுவியவருள் ஒருவர் வரலாற்றுப் பேராசிரியர். வரலாறும் பகைக்குப் பணிபுரியும். கேள்வியினால் விசுவாசம் வரும் என்று பவுல் ரோமர் பத்தாம் அதிகாரத்தில் காட்டுகிறார். கேள்வியினால் பகையும் வரும் என்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டியது.

ஆகவே கேட்போரின் உரிமையைக் காப்பது விசுவாசத்தையும் தொட்ட செயல். 1995 பிப்ரவரி 9 அன்று நம் உச்சநீதிமன்றம், ஒலியலைகள் பொதுச்சொத்து என்றும், பலவகைக் கருத்துகளை அறிவது குடிமக்களின் உரிமை என்றும் தீர்ப்பளித்தது. திருச்சபை தன் சொந்த உரிமைக்காக வாதாடுவதைவிட, எல்லாருடைய செவிக்காகவும் வாதாடுவதே பொருத்தமாகும்.

6. சுதந்தரமான செவியை நோக்கிப் பேசுதல்

அப்போஸ்தலர் நடபடிகள் 20 ஆம் அதிகாரத்தில், வாரத்தின் முதல் நாளில் துரோவாவில் கூடிய சபையில் பவுல் நள்ளிரவு வரை பேசினார். ஐத்திகு என்னும் வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தவாறே உறங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். அவன் அசட்டை நிறைந்தவன் என்று நம் பிரசங்கங்களில் பலகாலும் பழிக்கப்பட்டிருக்கிறான். லூக்கா அவனைப் பழிக்கவில்லை. அக்காலத்தில் ஞாயிறு வேலைநாள். பகல் முழுதும் உழைத்த உடலோடு அவன் வந்திருக்கக்கூடும். பவுல் பேச்சை நிறுத்தி, இறங்கிச் சென்று, அவனை அணைத்துக்கொண்டார். அப்பம் பிட்கப்பட்ட பின்பே பேச்சு தொடர்ந்தது.

சனிக்கிழமை வரை மருந்து மணத்தில் உழைத்துவிட்டு ஞாயிறு காலை இருக்கையில் கண்ணயரும் தொழிலாளி நம் சபைகளின் ஐத்திகு. வானொலியில் பேசுபவர் இவரைக் காண்பதில்லை. ஆயினும் விசை இவர் கையில் இருப்பதை அறிந்திருப்பதால், ஒவ்வொரு வாக்கியத்தையும் இவருக்காகவே அமைக்கிறார். நாமோ இவரை நேரில் காண்கிறோம். இவர் எழுந்து போகமாட்டார் என்று நம்புவதால் நீட்டிப் பேசுகிறோம். எழுந்து போக இயலாமை கவனமாகாது. இவருடைய வாரத்தில் எஞ்சிய ஆறு நாட்களிலும் பிறரே பேசுகின்றனர்: மேற்பார்வையாளர் கட்டளையிடுகிறார், கூலி விகிதம் வேறிடத்தில் முடிவாகிறது, 2018 அக்டோபரிலும் 2021 அக்டோபரிலும் பட்டாசின் வகைகளையும் பேரிய உப்பின் பயன்பாட்டையும் கட்டுப்படுத்திய ஆணைகள் தலைநகரில் பிறந்தன. ஞாயிறன்றும் இவர் ஒலிபெருக்கியின் கீழ் அமர்ந்து கேட்க மட்டுமே கடமைப்பட்டவரானால், நற்செய்தி இவருக்கு மேலும் ஒரு கட்டளையாகவே ஒலிக்கும்.

7. செய்தி அறிக்கைக்குப் பின் அருளுரை

இவ்வட்டாரத்தில் இவ்வினா உயிரைத் தொடுவதாகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். காப்பாற்றவும் காணவும் ஓடிவந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்வந்த ஆண்டுகளிலும் விபத்துகள் ஓயவில்லை. மாலைச் செய்தி அறிக்கை ஊரின் பெயரையும் எண்ணிக்கையையும் நிவாரணத் தொகையையும் கூறி, அடுத்த செய்திக்குச் செல்லும். அடுத்த ஞாயிறன்று பிரசங்கபீடம் என்ன கூறும்?

லூக்கா 13 இன் தொடக்கத்தில் ஆண்டவரிடம் ஒரு செய்தி கொண்டுவரப்படுகிறது: பிலாத்து கலிலேயரைக் கொன்ற செய்தி. அதற்கு விடையாக அவரே மற்றொரு செய்தியை நினைவூட்டுகிறார்: சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி. இங்கே நாம் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, அவர் ஊர்ச் செய்தியை அறிந்திருக்கிறார். இடத்தையும் எண்ணிக்கையையும் துல்லியமாகக் கூறுகிறார். இரண்டாவது, இறந்தவர் மற்றவரைவிடப் பாவிகள் என்னும் எண்ணத்தை உறுதியாக மறுக்கிறார். மூன்றாவது, உயிரோடிருப்போரை மனந்திரும்ப அழைக்கிறார். சிவகாசியில் அம்மனந்திரும்புதல் யாரை நோக்கியது? உரிமம் பெற்ற அளவை மீறி மருந்தைக் கையாளச் செய்வோர், கண்டும் காணாத அதிகாரிகள், மலிவான வெடியை விரும்பும் நம் வீட்டார், அடக்க ஆராதனையோடு தன் கடமை தீர்ந்ததாகக் கருதும் திருச்சபை ஆகிய அனைவரையும் நோக்கியதாகும். விபத்தை இறைவனின் சித்தம் என்று மட்டும் கூறி முடிக்கும் அருளுரை, செய்தி அறிக்கையைவிடக் குறைவாகவே பேசுகிறது. அவ்வறிக்கை ஆராய்ச்சிக்கு ஆணையிடப்பட்டிருப்பதையாவது தெரிவிக்கும்.

முடிவுரை

நம் ஆயர்களும் மாணவரும் செயற்படுத்தக்க சிலவற்றைக் கூறி முடிக்கிறோம். அருளுரையைக் கால்மணி நேர வானொலிப் பேச்சாக எழுதி, கற்றறிந்த நண்பர் அல்லாத ஒருவரிடம் வாசித்துக்காட்டி, அவர் எங்கே கவனம் இழக்கிறார் என்று குறித்துக்கொள்வது நல்ல பயிற்சி. ஆண்டில் சில ஞாயிறுகளிலேனும் தம் ஊரின் வரலாற்றைத் திருமறையின் ஒளியில் எடுத்துரைக்கலாம். வில்லுப்பாட்டுக்கும் கும்மிக்கும் விழா மேடையில் மட்டுமன்றி வழிபாட்டிலும் இடம் தரலாம். 1956 இல் பூனா வட்டாரத்தில் யுனெஸ்கோவின் துணையோடு நடந்த வானொலி உழவர் மன்றங்களில் மக்கள் ஒன்றாகக் கேட்டனர், கலந்துரையாடினர், பின்னர் செயற்பட்டனர். அருளுரைக்குப் பின் அரைமணி நேரம் அத்தகைய மன்றமாகச் சபை அமருமாயின், ஆறு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தவர் ஏழாம் நாளில் பேசுவார். அவர் பேசும்போது ஆயர் கேட்கவேண்டும். அதற்கான நேரத்தை வழிபாட்டு ஒழுங்கிலேயே குறித்துவைப்பது இன்றைய தேவை.